எவர்சில்வர் பீடிங்: பழைய காரின் பட்டைகளில் சொட்டை எடுத்துப் பாலிஷ் போடும் முழுமையான வழிகாட்டி

பழைய அமெரிக்க கார் ஒன்றைப் பிரித்துப் போட்டால், துருப்பிடித்துப் பாதி உதிர்ந்துபோன கதவின்மேல் ஒரு பட்டை மட்டும் முழுசாக நிற்பதைப் பார்க்கலாம். நசுங்கியிருக்கும், கீறல் விழுந்திருக்கும், மங்கியிருக்கும். ஆனால் உலோகம் அப்படியே இருக்கும். அதுதான் எவர்சில்வர் பீடிங். குரோம் பூச்சு உரிந்துவிட்டால் முலாம் பட்டறைக்குத்தான் போகவேண்டும். எவர்சில்வருக்கு அந்தத் தேவையே இல்லை. அதன் பளபளப்பு மேலே பூசியது அல்ல, உலோகத்தின் சொந்த நிறம். நசுங்கிய இடத்தைத் திரும்ப அதன் இடத்துக்குக் கொண்டுவந்து, மேலே உள்ள கீறலைத் தேய்த்து எடுத்தால் போதும்.

இதைப் பலரும் பாலிஷ் வேலை என்றே நினைக்கிறார்கள். நான் செய்து பார்த்த அளவில் பத்துப் பங்கில் ஏழு பங்கு சுத்தியல் வேலை, இரண்டு பங்கு பேப்பர், அதாவது உப்புத்தாள் வேலை. கடைசி ஒரு பங்குதான் பஃப் மெஷின், அதாவது மோட்டாரில் சுற்றும் பாலிஷ் சக்கரம். சொட்டையை, அதாவது நசுங்கிய பள்ளத்தைச் சரியாக எடுக்காமல் மெஷினில் வைத்தால், சொட்டையும் சேர்ந்து பளபளக்கும். மங்கலான பட்டையில் கண்ணுக்குத் தெரியாத அலைகூட பாலிஷ் போட்டபின் பத்தடி தூரத்திலிருந்து தெரியும். அதனால் இந்த வழிகாட்டியிலும் சுத்தியலுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உதாரணத்துக்கு 1957 செவ்ரோலெட் பெல் ஏர் காரை எடுத்துக்கொள்கிறேன். காரணம் இருக்கிறது. அந்த ஒரே காரில் நான்கு வகைப் பளபளப்பு உண்டு. பக்கவாட்டுப் பட்டைகள் எவர்சில்வர். பின்பக்க இறக்கைக்குக் கீழே அந்தப் பட்டைகளுக்கு நடுவில் வரும் வரிவரியான தகடு அனோடைஸ் செய்த (மின்சாரம் செலுத்தி மேலே ஆக்சைடு படலம் ஏற்றிய) அலுமினியம். பம்பர் குரோம் பூசிய இரும்பு. பானெட் மேலே இருக்கும் ராக்கெட் வடிவ அலங்காரம் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துக் குரோம் பூசியது. நான்கையும் ஒரே மாதிரி தேய்த்தால் மூன்று கெட்டுப்போகும்.

முதலில் உலோகத்தைக் கண்டுபிடியுங்கள்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913-ல் துருப்பிடிக்காத உருக்கை, அதாவது எவர்சில்வரை வார்த்தார். 1930-ம் ஆண்டு ஃபோர்டு மாடல் ஏ காரின் ரேடியேட்டர் கூடும் முகப்பு விளக்கும் அந்த உலோகத்தில் வந்தன. 1936-ல் ஃபோர்டும், பின்னாளில் அலெகெனி லட்லம் ஆன அலெகெனி உருக்கு நிறுவனமும் சேர்ந்து முழு உடம்பும் எவர்சில்வரான ஆறு செடான் கார்களைச் செய்து காட்டின. எவர்சில்வரில் குரோமியம் 10.5 சதவீதத்துக்கு மேல் இருப்பதால், காற்று பட்டவுடன் மேலே சில நானோமீட்டர் அளவில் குரோமிய ஆக்சைடு படலம் தானாகவே உருவாகிவிடும். தேய்த்தால் போகும், மறுபடி உருவாகும். நாம் தைரியமாக அரம் போட முடிவது அந்தப் படலத்தை நம்பித்தான்.

காந்தம் வைத்துப் பார்க்கலாம் என்பார்கள். பாதி உண்மை. பீடிங்குக்கு அதிகம் பயன்பட்ட 430 ரகத்தில் காந்தம் ஒட்டும். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 302 ரகத்தில் ஒட்டாது, அல்லது வளைத்த இடத்தில் மட்டும் லேசாக இழுக்கும். குரோம் பூசிய இரும்பிலும் ஒட்டும். அதனால் காந்தத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

பட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். எவர்சில்வர் என்றால் அரை மில்லிமீட்டர் சொச்சம் தடிப்புள்ள மெல்லிய தகடு, ஓரங்கள் உள்பக்கமாகச் சுருண்டிருக்கும், அழுக்கைத் துடைத்தால் பின்பக்கமும் அதே வெள்ளிச் சாம்பல் நிறம். வார்ப்பு என்றால் தடியாக, சொரசொரப்பாக, திருகு முளைகள் உடம்போடு ஒட்டியே இருக்கும். அலுமினியம் கையில் எடுத்தாலே எடையில் தெரியும். இன்னும் சந்தேகம் இருந்தால் பின்பக்கம் ஓர் ஓரத்தைச் சுரண்டி, காஸ்டிக் சோடா கரைசல் ஒரு சொட்டு விடுங்கள். அலுமினியம் நுரைக்கும், எவர்சில்வர் சும்மா இருக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள், உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

குரோம் பூச்சு என்று தெரிந்தால் அதை ஓரமாக வைத்துவிடுங்கள். அலங்காரக் குரோம் அரை மைக்ரான் தடிப்புகூட இருக்காது. பேப்பர் போட்ட அடுத்த நிமிடம் உள்ளே இருக்கும் நிக்கல் மஞ்சளாக எட்டிப் பார்க்கும். அனோடைஸ் அலுமினியத்துக்கும் இந்த வழி ஆகாது. மேல்படலத்தை நீக்கிவிட்டுத் தேய்த்து, மறுபடி அனோடைஸ் செய்யவேண்டும். அது தனி வேலை.

கழற்றுவது

அதிகமான பட்டைகள் சேதமாவது ரோட்டில் அல்ல, கழற்றும்போது. நானும் அப்படி ஒன்றைக் கெடுத்திருக்கிறேன். ஒரு கதவுப் பட்டையின் கிளிப் எல்லாம் விட்டுவிட்டது, நுனி மட்டும் வரவில்லை. துரு பிடித்திருக்கிறது என்று நினைத்து இழுத்தேன். உள்பக்கம் ஒரு நட்டு இருந்தது. பட்டை நுனியிலிருந்து இரண்டு அங்குலத்தில் மடிந்துவிட்டது. கல் அடித்த சொட்டையை எடுக்கலாம். இப்படி மடிந்த கோடு முழுசாகப் போகவே போகாது. அன்றிலிருந்து கதவின் உள்அட்டையைக் கழற்றி, பின்பக்கம் விளக்கு அடித்துப் பார்க்காமல் எந்தப் பட்டையிலும் கை வைப்பதில்லை.

பல கார்களில் நடுவில் அமுக்கு கிளிப், நுனியில் திருகு கிளிப்பும் நட்டும் இருக்கும். நட்டுகளுக்கு முதல் நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். பெயின்ட்மேல் மேஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். அப்புறம் பிளாஸ்டிக் ஆப்பு அல்லது முனை மழுக்கிய புட்டி பிளேடை, கிளிப் இருக்கும் இடத்துக்கு நேராக நுழைத்து நெம்புங்கள். இரண்டு கிளிப்புக்கு நடுவில் நெம்பினால் பட்டை வில் மாதிரி வளைந்துவிடும். முன், பின் கண்ணாடிகளைச் சுற்றி வரும் பட்டைகளுக்கு ஒளிந்த கிளிப்புகள். அதற்கென்றே கொக்கி மாதிரி ஒரு கருவி விற்கிறார்கள், அது இல்லாமல் தொடாதீர்கள்.

ஒவ்வொரு பட்டையின் பின்னாலும் இடமா வலமா, முன்னா பின்னா என்று மார்க்கரில் எழுதுங்கள். கிளிப்புகளைத் தனித்தனிப் பையில் போட்டுப் பட்டையோடு கட்டி வையுங்கள். கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கழுவுவதற்கு மண்ணெண்ணெய், அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர். பின்பக்கத்து தாரையும் பழைய பசையையும் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். கழிப்பறை ஆசிட், ப்ளீச் இரண்டையும் கிட்டவே கொண்டுவராதீர்கள். அவற்றில் உள்ள குளோரைடும் குளோரினும் எவர்சில்வரில் ஊசி குத்தின மாதிரி குழி போடும். இரும்புக் கம்பிநார், இரும்பு பிரஷ் இரண்டும் வேண்டாம். அவை விட்டுச்செல்லும் இரும்புத் துகள் சில நாளில் துருப் புள்ளியாக வெளியே வரும்.

சொட்டை எடுப்பது

இங்கே அவசரப்படாதீர்கள். தகடு நசுங்கும்போது அது கொஞ்சம் இழுபட்டும் இருக்கும். நீங்கள் பின்பக்கத்திலிருந்து ஓங்கி ஒன்று போட்டால் இன்னும் இழுபடும், பள்ளம் இருந்த இடம் தொப்பையாகிவிடும். இழுபட்டதைச் சுருக்குவது அதைவிடப் பெரிய பாடு. அதோடு 302 போன்ற ரகங்கள் அடிக்க அடிக்க இறுகும். ஆகவே பலம் குறைவான அடி, எண்ணிக்கை அதிகம். நகத்தால் மேஜையைத் தட்டும் அளவு விசையில் தொடங்குங்கள். சூடு காட்டி இளக்கலாம் என்று நினைக்க வேண்டாம். எவர்சில்வர் வைக்கோல் மஞ்சளாக, நீலமாக நிறம் மாறும், தகடும் கோணிக்கொள்ளும்.

தேவையானவை அதிகம் இல்லை. நூறு, நூற்றைம்பது கிராம் எடையுள்ள சின்னச் சுத்தியல், அதன் முகத்தைக் கண்ணாடி மாதிரி தேய்த்துக்கொள்ளுங்கள். முகத்தில் ஒரு கீறல் இருந்தால் ஒவ்வொரு அடியிலும் அந்தக் கீறல் பட்டையில் பதியும். சுருண்ட ஓரத்துக்குள் சுத்தியல் நுழையாது. அதற்கு நான்கைந்து குச்சிகள் செய்துகொள்ள வேண்டும்: பென்சில் தடிப்புள்ள இரும்புக் கம்பியின் முனையை உருட்டையாக ஒன்று, மழுங்கிய உளி மாதிரி ஒன்று, பித்தளையில் ஒன்று, நைலானில் ஒன்று. அடியில் வைக்க ஒரு கெட்டி மரக்கட்டை. பட்டையின் முகம் எந்த வளைவில் இருக்கிறதோ அதே வளைவில் அந்தக் கட்டையில் ஒரு பள்ளம் செதுக்குங்கள். புளியங்கட்டை இதற்கு நன்றாக உழைக்கிறது, கசாப்புக் கடைக்காரர்கள் அதை விடாமல் பயன்படுத்துவதும் அதனால்தான். கடைசிக்கட்ட வேலைக்கு வைஸில் பிடித்த ஒரு குறுகலான இரும்புப் பட்டம் (தடித்த தட்டையான இரும்புத் துண்டு), அதன் மேல்முகமும் வழவழப்பாக இருக்கவேண்டும்.

பட்டையின் முகத்தில் விரலை நீளவாக்கில் ஓட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்தால் இன்னும் நன்றாகத் தெரியும். பள்ளத்தின் எல்லையை மார்க்கரால் வட்டமிடுங்கள். பின்பக்கமும் அதே இடத்தில் ஒரு குறி.

முகத்தைக் கட்டையின்மேல் கவிழ்த்து வைத்து, பள்ளத்தின் வெளி எல்லையிலிருந்து தொடங்குங்கள். நடுவில் அடிக்க கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். ஓரத்தைச் சுற்றி ஒரு சுற்று, கொஞ்சம் உள்ளே தள்ளி இன்னொரு சுற்று என்று சுருள் போல மையத்துக்கு வாருங்கள். ஓரம் இளகினாலே நடுப்பகுதி பாதி தானாக எழுந்துவரும். பத்துத் தட்டுக்கு ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஆழமான பள்ளத்துக்கு முதலில் நைலான் குச்சி, கடைசியில் இரும்புக் குச்சி. கல் அடித்த கூரான புள்ளி என்றால் உருட்டை முனைக் குச்சியை அந்தப் புள்ளியின் நேர் பின்னால் வைத்து, முன்பக்கம் இரும்புப் பட்டத்தின் ஆதரவோடு மெல்லத் தட்டவேண்டும்.

முக்கால்வாசி எழுந்ததும் அரத்தை எடுங்கள். மெல்லிய பல் உள்ள தட்டை அரத்தை, அழுத்தாமல், பட்டையின் நீளவாக்கில் ஒரே ஓர் இழுப்பு. மேடான இடம் பளிச்சென்று மின்னும், பள்ளமான இடம் அரம் படாமல் மங்கலாக இருக்கும். அரம் இங்கே உலோகத்தை எடுப்பதற்கு அல்ல, எங்கே தட்ட வேண்டும் என்று காட்டுவதற்கு. மங்கலான இடத்துக்குப் பின்னால் தட்டுங்கள், மறுபடி ஓர் இழுப்பு. மேடு விழுந்துவிட்டால், உள்ளே ஆதரவு வைத்து முன்பக்கத்திலிருந்து மரச் சுத்தியால் ஒரு தட்டு. மேட்டை அரத்தாலேயே தீர்த்துவிடலாம் என்று தோன்றும். தகடு அரை மில்லிமீட்டர்தான் என்பதை மறக்காதீர்கள், ஓட்டை விழுந்தால் திரும்பாது.

ஒரு ரூபாய் நாணய அளவுச் சொட்டைக்கு எனக்கு இருபது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம்வரை ஆகிறது. முதல் பட்டைக்கு ஒரு முழு நாள் ஆனது. அதனால் நல்ல பட்டையில் பழகாதீர்கள். பழைய சாமான் கடையில் தூக்கிப்போட்ட உடைந்த பட்டை ஒன்றை வாங்கி, நீங்களே சொட்டை போட்டு, நீங்களே எடுத்துப் பாருங்கள்.

கிழிசல், ஓட்டை இருந்தால் ஆர்கான் வெல்டிங்தான் வழி. கூடவே அதே மாதிரி பழைய பட்டையிலிருந்து வெட்டிய மெல்லிய துண்டை நிரப்புக் கம்பியாகக் கொடுத்தால் நிறம் பொருந்தும். பின்னால் ஒரு செப்புத் தகட்டை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள், சூட்டை அது வாங்கிக்கொள்ளும்.

பேப்பர் போடுவது

அரத்தின் கோடு உள்ள இடத்தில் 220 அல்லது 320 எண் வாட்டர் பேப்பரில் தொடங்கி 400, 600, 800, 1000 என்று ஏறவேண்டும். சொட்டை இல்லாமல் வெறும் மங்கலும் மெல்லிய கீறலும் மட்டும் இருந்தால் 600-லேயே தொடங்குங்கள். தேவைக்கு மேல் கரகரப்பான பேப்பரை எடுப்பது நமக்கு நாமே வேலை வைத்துக்கொள்வது.

ஒவ்வொரு எண்ணுக்கும் திசையை மாற்றுங்கள். 320 நீளவாக்கில் என்றால் 400 குறுக்கே சாய்வாக. முந்தைய எண்ணின் கோடு ஒன்றுகூட இல்லை என்று தெரிந்த பிறகே அடுத்த எண். 320-ன் ஒரு கோட்டை விட்டுவிட்டு 1000 வரை போய்விட்டால், அது பாலிஷில் மட்டும்தான் தெரியும், அப்போது 320-க்கே திரும்ப வேண்டியிருக்கும். கடைசி 1000 மட்டும் பட்டையின் நீளவாக்கில் முடியட்டும்.

பேப்பரை வெறும் விரலில் பிடித்துத் தேய்த்தால் விரல் போன தடம் அலையாகிவிடும். தட்டையான இடத்துக்கு ரப்பர் கட்டை, வளைவுக்கு அதே வளைவுள்ள ரப்பர் குழாய்த் துண்டு. தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டால் பேப்பர் அடைக்காது. எண் மாறும்போது தண்ணீரையும் மாற்றுங்கள்.

மெஷினுக்குப் போகும் முன்

எட்டு அங்குல பஃப் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு விநாடிக்குச் சுமார் 30 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் பட்டையின் ஓரம் பஃப்பில் மாட்டினால் பட்டை கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும், சுருண்டு அடிக்கும். பட்டையும் போகும், கையும் போகலாம்.

சக்கரத்தின் முன்முகம் மேலிருந்து கீழாகச் சுற்ற வேண்டும். பட்டையை எப்போதும் சக்கரத்தின் நடுமட்டத்துக்குக் கீழே மட்டுமே வையுங்கள். சக்கரம் பட்டையின் நடுவிலிருந்து கீழ் ஓரத்தைத் தாண்டி வெளியே ஓடவேண்டும், மேல் ஓரத்தில் மோதவே கூடாது. மேல் பாதிக்குப் பாலிஷ் வேண்டுமானால் பட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் பிடியுங்கள். நீளமான பட்டையை வெறுமனே பிடிக்காதீர்கள். உள்வளைவுக்குப் பொருந்தும்படி ஒரு மரச் சட்டத்தைச் சீவி, அதன்மேல் பட்டையைப் பொருத்தி இரண்டு முனையிலும் இறுக்கிவிட்டால் வளையாது, மாட்டவும் வாய்ப்புக் குறைவு. ஒருவேளை மாட்டிக்கொண்டால் விட்டுவிடுங்கள். பிடித்து இழுக்காதீர்கள்.

துண்டு, லுங்கி, தொங்கும் சட்டைக்கை, மோதிரம், கயிறு எதுவும் வேண்டாம். நூல் கையுறை போடாதீர்கள், சக்கரம் அதை இழுத்துக்கொள்ளும். முழு முகத்தையும் மறைக்கும் கவசம், நல்ல தூசி முகமூடி இரண்டும் கட்டாயம். பறக்கும் தூசியில் குரோமியமும் நிக்கலும் இருக்கின்றன.

பாலிஷ்

தமிழ்நாட்டில் எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பாலிஷ் போடும் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதி புதிதாக இருக்காது. அதே மோட்டார், அதே பஃப், அதே சோப்புக்கட்டி (மெழுகில் தேய்ப்புப் பொடி கலந்த பாலிஷ் கட்டி). வித்தியாசம் ஒன்றுதான்: குடம் உருண்டை, கையில் நிற்கும். பீடிங் நீளம், ஓரமெல்லாம் கத்தி. ஒரு பட்டறையில் கொடுத்து வாங்கிய பட்டையில் விளிம்புக் கோடுகள் எல்லாம் உருண்டு மழுங்கிப் போயிருந்தன. பாலிஷ் பிரமாதம், ஆனால் பட்டையின் வடிவம் போய்விட்டது. வெளியே கொடுத்தாலும் 1000 வரை நீங்களே தேய்த்துக் கொடுங்கள், கடைசிப் பளபளப்பு மட்டும் போதும் என்று சொல்லுங்கள்.

மோட்டார் ஒரு குதிரைத்திறன் இருந்தால் நல்லது. முதல் சக்கரம் கற்றாழை நாரில் செய்த சைசல் பஃப், அதற்குக் கறுப்பு எமரி சோப்பு. 800, 1000 வரை கையால் தேய்த்திருந்தால் இதைத் தாண்டிவிடலாம். அடுத்தது நெருக்கமாகத் தைத்த காட்டன் பஃப், பச்சை சோப்பு. பச்சை நிறம் குரோமிய ஆக்சைடின் நிறம், எவர்சில்வருக்குப் பொருத்தமான சோப்பு அதுதான். கடைசியில் தையல் குறைந்த தளர்வான பஃப், வெள்ளை சோப்பு. ஒரு பஃப்புக்கு ஒரு சோப்புதான். இரும்புக்கோ அலுமினியத்துக்கோ ஓட்டிய பஃப்பை இதில் மாட்டாதீர்கள்.

சோப்பைச் சுற்றும் சக்கரத்தில் ஒரு விநாடி தொட்டு எடுத்தால் போதும். பட்டையில் கறுப்புக் கறுப்பாக மெழுகுக் கோடு விழுந்தால் சோப்பு அதிகம். சக்கரத்தைப் பழைய ஹேக்ஸா பிளேடால் சுரண்டிவிட்டுத் தொடருங்கள்.

கையின் ஓட்டம் இரண்டு வகை. கோடு போகவேண்டும் என்றால் சக்கரம் சுற்றும் திசைக்கு எதிராக, கொஞ்சம் அழுத்தி, மெதுவாக. பளபளப்பு வரவேண்டும் என்றால் சக்கரத்தின் போக்கிலேயே, அழுத்தாமல், வேகமாக. எவர்சில்வர் சூட்டைக் கடத்துவதில் மந்தம், அலுமினியத்தோடு ஒப்பிட்டால் சுமார் பத்தில் ஒரு பங்குதான். ஒரே இடத்தில் நின்றால் சூடு அங்கேயே தங்கி, தகடு கோணும். பட்டை நகர்ந்துகொண்டே இருக்கட்டும். பின்பக்கம் கை வைக்க முடியாத சூடு வந்தால் கீழே வைத்துவிட்டு அடுத்த பட்டையை எடுங்கள்.

மிஞ்சிய சோப்பு மெழுகை சாக்பீஸ் பொடி தூவிப் பழைய பனியன் துணியால் துடைத்தால் சுத்தமாக வரும். அப்புறம் வெந்நீர், சோப்பு, உடனே துடைத்துக் காயவைப்பது.

எவ்வளவு பளபளப்பு வேண்டும் என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இந்தப் பட்டைகள் குரோம் மாதிரிக் கண்ணைப் பறிக்கவில்லை. கொஞ்சம் சாம்பல் கலந்த, அமைதியான ஒளி. வெள்ளை சோப்போடு நிறுத்தினால் அந்த ஒளி கிடைக்கும். பம்பருக்கும் பீடிங்குக்கும் வித்தியாசம் தெரிவதுதான் அந்தக் காரின் அழகு.

திரும்பப் பொருத்துவது

காருக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே பட்டைகளை ஒருமுறை பொருத்திப் பார்த்துவிடுங்கள். சொட்டை எடுத்ததில் வளைவு மாறியிருந்தால் அப்போதே தெரியும், ஒரு கதவின் பட்டை அடுத்த கதவின் பட்டையோடு நேர்கோட்டில் நிற்கிறதா என்றும் தெரியும். பெயின்ட் அடித்தபின் வளைத்துப் பார்த்தால் புது பெயின்ட்டில்தான் கீறல் விழும்.

பழைய கிளிப்பை ஆசைப்பட்டு மறுபடி மாட்டாதீர்கள். எவர்சில்வரோடு ஒட்டி ஈரத்தில் இருக்கும் வெறும் இரும்புக் கிளிப் சீக்கிரம் துருப்பிடிக்கும், அந்தத் துரு கதவுத் தகட்டின் ஓட்டைக்கும் பரவும். முலாம் பூசிய புதுக் கிளிப் அல்லது எவர்சில்வர் கிளிப் வாங்குங்கள். கதவின் ஒவ்வொரு ஓட்டை விளிம்பிலும் பிரைமர் தொட்டு, கிளிப்புக்கு அடியில் கொஞ்சம் சீலன்ட் வையுங்கள். பட்டையின் பின்பக்கம் மெழுகு பூசினால் ஈரம் தங்காது. நட்டுகளை எல்லாம் முதலில் கையாலேயே சுற்றி, பட்டை நேராக நிற்பதைப் பார்த்தபின் ஸ்பானரால் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் திருகு இருக்கும் இடத்தில் பட்டை உள்வாங்கி, நீங்கள் நாள் முழுக்க எடுத்த சொட்டைக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று விழுந்துவிடும்.

கடலோர ஊரில் கார் நிற்கிறது என்றால் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் பட்டைகளைக் கழுவித் துடையுங்கள், உப்பு தங்கினால் குழி விழும். சில மாதத்துக்கு ஒருமுறை கார்னோபா மெழுகு. மறுபடி மங்கத் தொடங்கினால் மெஷின் தேவையில்லை, மெட்டல் பாலிஷும் பனியன் துணியும் போதும், பட்டையின் நீளவாக்கில் தேய்த்துவிடுங்கள்.